தலையோடு வந்த கோழி

தாவ் அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவருடைய காதைப் பற்றித்தான் சொல்வேன். தகரத் தொட்டியில் திருகாணிகள் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நமக்கு நம் பேச்சே கேட்காது. இருபதடி தள்ளி மேசையில் உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும் அக்கா திடீரென்று தலையை நிமிர்த்தி, "நிறுத்து" என்பார். நிறுத்திக் கிளறினால் உள்ளே வேறு அளவுத் திருகாணி நாலைந்து கிடக்கும். எப்படி என்று கேட்டால், "அதான் வேற மாதிரி விழுதே" என்பார், ஏதோ எல்லாருக்கும் கேட்ட விஷயம் மாதிரி.

முழுப்பெயர் சியென் யுவே-தாவ். பதினேழு வயதில் எங்கள் ஊர் காங்ஷானில் இந்தத் திருகாணித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தாறு. பேக்கிங் பிரிவுக்கு மேலாளர். இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. பிரசவ வலி எடுத்த அன்றுகூடக் கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். புருஷன் இறந்து ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். புயலுக்காக ஊரே விடுமுறை விட்ட நாளில் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் தொழிற்சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கதவுக்கு மணல் மூட்டை வைக்கவாம். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மனுஷிக்குக் கீழே வேலைக்கு வாய்த்தது நாங்கள் மூன்று பேர்.

மூத்தவர் தூ அண்ணன். அரை மணிக்கு ஒரு சிகரெட், அதைப் பற்றவைக்கக் கால் மணி. இளையவள் பெய்-யூ. கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று போனில் முகத்தைக் காட்டி ஊருக்கெல்லாம் காலுறை விற்பாள். நடுவில் நான், ஆ-குவாங், வயது நாற்பத்தாறு. எனக்குப் புகையும் இல்லை, காலுறையும் இல்லை. எனக்குத் தூக்கம்தான். சுவரில் சாய்ந்தால் போதும்.

காலையில் எட்டு மணி வேலைக்கு நாங்கள் எட்டே காலுக்கு வந்து சேருவோம். அக்கா வாசலிலேயே நிற்பார், கையில் சாவிக் கொத்தோடு.

"ஏம்ப்பா, உங்க வீட்டுப் பக்கம் சூரியன் எத்தன மணிக்குத்தான் உதிக்குது?"

தினமும் இதே கேள்வி. தினமும் நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போவோம். பத்து மணிக்கு ஒரு திட்டு, பதினொன்றுக்கு ஒன்று, மூன்று மணிக்குப் பெரிதாக ஒன்று. "மூணு பேரும் சேந்து ஒருத்தன் வேலையச் செய்யறதுக்குள்ள எனக்கு மூணு வயசு கூடிடுது!" என்பார். நாங்கள் சிரிப்போம். ஐந்து மணி அடித்ததும் பறந்துவிடுவோம். மிச்சம் கிடக்கும் பெட்டிகளை யார் ஒட்டினார்கள் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. காலையில் வந்தால் எல்லாம் ஒட்டி, அடுக்கி, கயிறு கட்டியிருக்கும். ஏதோ தானாக நடக்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தோம். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் எல்லாரும் மேசையில் தலைவைத்துத் தூங்குவது வழக்கம். ஒரு மணிக்கு அக்கா தன் மேசைக்கு மேலே இருக்கும் ஸ்விட்சைப் போடுவார். டப் என்று வெளிச்சம். எழுந்துவிட வேண்டும். அந்த ஸ்விட்சை முப்பது வருஷமாக வேறு கை தொட்டதில்லை. பெட்டி நிரப்பும் மெஷின் மட்டும் தூங்கும் நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். முறை வைத்து ஒருவர் அதன் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் மூவரும் அங்கேயே ஒரு அட்டைப் பெட்டியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வோம். எப்படியும் ஒரு மணிக்கு வெளிச்சம் எழுப்பிவிடும்.

நவம்பரில் ஒரு நாள் என் முறை. நாற்பது மில்லிமீட்டர் திருகாணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அது தீர்ந்து, அடுத்த தொட்டி தானாகக் கவிழ்ந்து நாற்பத்தைந்து வரும். அப்போது பெட்டியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் தூங்கிவிட்டேன். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சென்று தரையில் உரசிய சத்தம் கேட்டு விழித்தேன். சுற்றிலும் இன்னும் இருட்டு. சரி, ஒரு மணி ஆகவில்லை என்று நிம்மதியாகக் கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்று இருபது! நாற்பதின் பெட்டியில் நாற்பத்தைந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவசரமாகப் பெட்டியை மாற்றினேன். நிரம்பிய பெட்டிகளை மூடி ஒட்டினேன். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று ஒரு பேரிக்காய் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அன்று நிரப்பிய சரக்கு, இருநூறு பெட்டிகளும் கப்பலேறித் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் மேசை செய்கிறவர்கள். மேசைப் பலகைக்கு மேலே ஐந்து மில்லிமீட்டர் கூர் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் முள்ளங்கி முளைத்த பாத்தி மாதிரி இருந்தது. எந்தப் பெட்டியில் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருநூறையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் முதலாளி யென் நல்லவர். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், தோட்டத்தில் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அன்று செடியெல்லாம் மூழ்கியிருக்கும். எங்கள் மூவரையும் நிற்க வைத்து, "அன்னிக்கு யாரு முறை?" என்று கேட்டார். தூ அண்ணன் கூரையைப் பார்த்தார். பெய்-யூ நகத்தைப் பார்த்தாள். முறை எழுதும் தாளில் நாங்கள் எந்த நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அவர்கள் இருவருக்குமே அது தங்கள் முறையாக இருந்திருக்குமோ என்று பயம். எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

முதலாளி அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். அறைக்குச் சுவர் என்பது ஒட்டுப்பலகைதான். வேலையில் என்றும் காட்டாத சுறுசுறுப்போடு மூவரும் பலகையில் காதை வைத்தோம்.

"ஒருத்தர் போய்த்தான் ஆகணும், தாவ். யாருன்னு நீயே முடிவு பண்ணு. போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வருஷக் கடைசி விருந்துல கோழி வெப்பாங்கல்ல? பழைய வழக்கப்படி தலைய யாரு பக்கம் திருப்பறியோ அவங்க புரிஞ்சுக்கட்டும். புது வருஷத்துக்கு அப்புறம் வர வேண்டாம்."

"முதலாளி, நீங்க இத்தன வருஷமா தலைய வெட்டிட்டுத்தானே கோழி வெக்கச் சொல்வீங்க?"

"உன் மேசைக்கு மட்டும் தலையோட வரும். சமையல்காரன்கிட்ட சொல்லிடறேன்."

அக்காவிடமிருந்து "சரி" என்று மட்டும் கேட்டது.

இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் தூங்கி வேலையை விட்டவன் நான். காங்ஷானில் திருகாணி முதலாளிகள் எல்லாரும் ஒரே கோயிலில் கும்பிடுகிறவர்கள். மூன்றாவது முறையும் வெளியே போனால், நாற்பத்தாறு வயதில் என்னை எவன் சேர்ப்பான்? வீட்டில் சொன்னேன். என் மனைவி யோசித்துவிட்டு, "கோழி வந்ததும் எந்திரிச்சு கழிவறைக்குப் போயிடுங்க" என்றாள். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்து மூளை.

அடுத்த மூன்று வாரம் நடந்ததை இன்னும் தொழிற்சாலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாங்கள் வேலை செய்தோம். மூவரும், நிஜமாகவே. தூ அண்ணன் சிகரெட்டை மறந்தார். பெய்-யூ போனை அக்காவின் இழுப்பறையில் தானே கொண்டுபோய் வைத்தாள். ஏழே முக்கால் மணிக்கு வாசலில் மூன்று ஸ்கூட்டர்கள் நிற்கும். ஒருவர் இரண்டு பெட்டி தூக்கினால் அடுத்தவர் மூன்று தூக்குவார். மதியம் விளக்கு அணைந்தால் மூவரும் மேசையில் தலைவைத்துக் கண்ணைத் திறந்தபடி கிடப்போம். திரும்பி வந்த இருநூறு பெட்டிகளையும் கையாலேயே பிரித்து, அளந்து, மறுபடி அடைத்தோம். விருந்துக்கு நாலு நாள் முன்னால் சரக்கு லாரி ஏறிப் போய்விட்டது.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் ஒட்டுக்கேட்டது அவருக்குத் தெரியாதே. முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார். "என்னடா ஆ-குவாங், உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டார். மிச்சம் வைக்க வேலையே இல்லாததால் ஐந்தரைக்கு அவரும் வீட்டுக்குக் கிளம்பினார். வெயில் இருக்கும்போதே மாலைச் சந்தைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று என்று பெய்-யூவிடம் சொன்னாராம். எங்கள் மூவருக்கும் அப்போதுதான் அந்தப் பெட்டிகள் தானாக ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறைத்தது.

ஆனால் அக்காவின் முகத்தில் தெளிவில்லை. திட்டுவதையே விட்டுவிட்டார். சூரியனைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். திட்டாத அக்காவைப் பார்த்து நாங்கள் பயந்ததுபோல் திட்டிய அக்காவைப் பார்த்து என்றும் பயந்ததில்லை. முடிவு செய்துவிட்டார், முகம் பார்க்கக் கூசுகிறது என்று நினைத்தோம். யாரை என்பதுதான் கேள்வி.

விருந்து மதியம், தொழிற்சாலைக்கு எதிரே பந்தல் போட்டு. ஐந்து வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. எங்கள் மேசையில் நாங்கள் நாலு பேர்தான். இறால் வந்தது, ஆட்டுக்கறி சூப் வந்தது. மூவரும் ஒரு வாய் இறக்கவில்லை. அக்காவும் சாப்பிடவில்லை. அவருடைய கண் வீங்கியிருந்தது.

கோழி வந்தது. நாலு மேசைக்குத் தலை இல்லாமல். எங்கள் மேசைக்குத் தலையோடு, கொண்டையோடு, கழுத்தை நிமிர்த்தி. பரிமாறிய பெண் அதை வைத்த வேகத்தில் தலை தூ அண்ணனைப் பார்த்து நின்றது.

"அந்த இஞ்சிச் சட்னிய கொஞ்சம் இப்படித் தள்ளும்மா" என்று தூ அண்ணன் தட்டைச் சுழற்றினார். தலை பெய்-யூவிடம் போனது.

"எனக்கு இறால் வேணும்" என்று அவள் ஒரு தள்ளு தள்ளினாள். தலை என்னிடம் வந்தது. நான் சூப் வேண்டும் என்றேன். தூ அண்ணன் மறுபடி சட்னி என்றார்.

"எத்தன தடவ சட்னி எடுப்பீங்க? நீங்க இன்னும் கோழியவே தொடலையே!" என்றாள் பெய்-யூ.

"நீ மட்டும்? ஆறு இறால் எடுத்திருக்க, ஒண்ணக்கூட உரிக்கல. வீட்டுக்குக் கட்டிட்டுப் போறியா?"

கண்ணாடித் தட்டு மெஷின் மாதிரி சுற்றியது. முப்பத்தொன்பது வருஷத்தில் பேக்கிங் பிரிவு இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்ததில்லை. மற்ற மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வார வேலையும் எதற்கு என்று விளங்கிவிட்டது.

"ஓ, பலகையில காத வெச்சீங்களா?" என்றார்.

மூவரின் கையும் நின்றது. தட்டும் மெல்ல நின்றது. தலை என்னைப் பார்த்திருந்தது.

என் விரல் கண்ணாடியின் ஓரத்தில்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், பெய்-யூவிடம் போய்விடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தப்பும் செய்யாத பெண். அதாவது அந்தத் தப்பைச் செய்யாத பெண். விரல் நகர மாட்டேன் என்றது. மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்கு மெஷின்கிட்ட தூங்கினது நான்தான். இது சரியாத்தான் நிக்குது. விட்டுடுங்க."

"தெரியும்" என்றார் அக்கா.

"தெரியுமா?"

"நாற்காலி சத்தம் கேட்டுத்தானே எழுந்த? இழுத்தது யாருன்னு நெனச்ச?"

அக்கா கண்ணாடித் தட்டில் கையை வைத்து, மெதுவாக, கோழியின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு மணிக்கு விளக்கு எரிஞ்சுதா? யோசிச்சுப் பாரு. எரியல. போட வேண்டியவ நான். நானும் தூங்கிட்டேன், ஆ-குவாங். ஒண்ணு இருவதுக்கு முழிச்சேன். பாத்தா நீ பெட்டி மேல படுத்திருக்க. உன்ன எழுப்பித் திட்டணும்னு வாயத் தொறந்தேன். என்னன்னு திட்டுவேன்? நாற்காலிய இழுத்து சத்தம் பண்ணிட்டு உக்காந்துட்டேன். ஸ்க்ரூ மாறி விழற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. நிறுத்துன்னு சொன்னா ஏன் விளக்கு போடலன்னு கேப்பாங்களே. முப்பத்தொம்பது வருஷமா இல்லாத அவமானம்னு பேசாம இருந்துட்டேன்."

அவர் அழவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சுதான் விட்டார்.

அதற்குள் முதலாளி யென் கையில் கிண்ணத்தோடு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். முடிவு என்ன என்று பார்க்கத்தான். தலை நிற்கும் பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! தாவ், நான் உன்னச் சொல்லலையே! யாரு திருப்பினது?"

"நான்தான் திருப்பினேன், முதலாளி. அன்னிக்கு விளக்கு போடாம தூங்கினது நான். நான் போறதுதான் நியாயம்."

"நியாயமா? நீ போயிட்டா கதவ யாரு தெறப்பா? இவனுங்களா?"

"இவங்க மூணு வாரத்துல இருநூறு பெட்டிய பிரிச்சு அனுப்பியிருக்காங்க."

"பயத்துலதானே?"

"பயமோ என்னமோ. செய்யத் தெரியுதுல்ல?"

முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பந்தலைச் சுற்றி நாற்பது ஜோடிக் கண்களைப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே தோட்டமும் இல்லை. சட்டென்று கையை நீட்டிக் கோழியின் தலையைத் திருகிப் பிய்த்தார். கொண்டையோடு வாயில் போட்டுக்கொண்டார். டாக்டர் அவருக்குக் கோழித்தோலே ஆகாது என்று சொல்லியிருக்கிறார். கடித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"யாரும் எங்கயும் போகல" என்றார், வாய் நிறைய. "சாப்பிடுங்க. எல்லாரும் சாப்பிடுங்க!"

பந்தலே கைதட்டியது. பெய்-யூ அப்போதுதான் அழுதாள், ஆறு இறாலையும் உரித்தபடி. தூ அண்ணன் கடைசிவரை அந்தச் சட்னியைத் தொடவேயில்லை. என் மனசு லேசாகிவிட்டது. எத்தனை நாள் கழித்து எனக்குப் பசித்தது தெரியுமா? அக்கா மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு நான் வாசலில் இருந்தேன். பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. தூ அண்ணனும் பெய்-யூவும் வந்தார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. எட்டு மணி ஆயிற்று. அக்கா வரவில்லை. எட்டு ஐந்து, எட்டுப் பத்து. குளிர் காற்றில் மூவரும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். போன் அடித்தால் எடுக்கவில்லை.

"சொன்னபடியே போயிட்டாங்களோ?" என்றாள் பெய்-யூ.

தூ அண்ணன் சிகரெட்டைக் கையில் எடுத்துவிட்டு, பற்றவைக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டு இருபதுக்கு அக்காவின் ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை கலைந்திருந்தது. இடது கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. ஸ்கூட்டரில் நாலு பை சூடான சோயாப் பால் தொங்கியது. எங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்.

பெய்-யூதான் ஆரம்பித்தாள். "ஏங்க்கா, உங்க வீட்டுப் பக்கம் சூரியன் எத்தன மணிக்குத்தான் உதிக்குது?"

"இன்னிக்கு எட்டு மணிக்குத்தான் வந்துச்சு" என்றார் அக்கா. சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவிக் கொத்தை என் பக்கம் எறிந்தார். "நாளைலேர்ந்து நீ தெற. மதியம் விளக்கும் நீயே போடு. நான் தூங்கணும்."

அன்றிலிருந்து சாவி என்னிடம்தான். ஏழே முக்காலுக்குத் திறக்கிறேன். மதியம் தூங்குவதில்லை, தூங்கினால் எழுப்ப ஆள் இல்லை. அக்கா ஒரு மணிவரை நன்றாகத் தூங்குகிறார், குறட்டைகூட விடுகிறார்.

நேற்று தூ அண்ணன் எட்டே காலுக்கு வந்தார். வாயில் சிகரெட், நடையில் அவசரமே இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சாவியை ஆட்டிக்கொண்டு கத்தினேன்: "ஏண்ணே, உங்க வீட்டுப் பக்கம் சூரியன் எத்தன மணிக்குத்தான் உதிக்குது?"

உள்ளே சீட்டு எழுதிக்கொண்டிருந்த அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை தூக்கம் இல்லை, சிரிப்பு.